மங்க வைத்த முகம்

கற்பிட்டி
2025 ஜனவரி 19

என் அன்பு மச்சானுக்கு, ஸும்ராவின் ஸலாம்.

இங்கே நான் சுகம். கிணறு சுகம், முருங்கை சுகம். நீங்கள் நட்டுவிட்டுப் போன மாதுளைதான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் முதுகு வலி எப்படி? கதிரையில் தலையணை வைத்து வேலை செய்யச் சொன்னேனே, கேட்டீர்களா?

சாஹுல் ஹமீது நானா வியாழக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறாராம். அவர் கையில் இந்தக் கடிதமும் ஒரு போத்தல் மாசிச் சம்பலும் வரும். "போன் இருக்கக்குள்ள என்னத்துக்கு மகள் கடிதம்?" என்று சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்? போனில் நீங்கள் கதைக்கும்போது அறை நிறைய ஆட்கள். "சாப்பிட்டாச்சா? ஓம். சரி, வைக்கிறேன்." அதற்கு மேல் நம் கதை போனதே இல்லை. கடிதத்தில்தான் நீங்கள் என் மாப்பிள்ளை.

அக்கீலாவின் கலியாண வீடியோ இன்னும் முடியவில்லை. பெண் பக்கம் என்றால் உங்களுக்குத் தெரியும்தானே. அபாயாவைக் கழற்றிச் சாரியும் நகையுமாக இருக்கிற இடம், அந்நிய ஆண் கண் படக்கூடாது என்றுதான் என்னிடம் தருகிறார்கள். அதிலும் "என்னைப் போடாதீங்க" என்கிற பெண்கள் இந்த முறை ஒரு கூட்டம். ஒவ்வொருத்தியின் முகமும் வருகிற இடமெல்லாம் தேடித் தேடி, பிரேம் பிரேமாக மங்க வைக்கிறேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது. எல்லாம் முடித்து, முழு வீடியோவாகச் சேர்க்க ரெண்டர் போட்டால் நம் கிழட்டு மெஷின் பகல் முழுக்க மூச்சு வாங்குகிறது. நடுவில் லைட் போனால் திரும்ப முதலிலிருந்து. நுரைச்சோலைக் கரண்ட் நிலையத்தின் புகைக்கூடு நம் மொட்டை மாடியிலிருந்து தெரிகிறது, ஆனாலும் இருட்டு நமக்குத்தான்.

அதில் ஒரு நல்லதும் இருக்கிறது. மெஷின் ஓடும்வரை பெண்கள் வந்து காத்திருப்பார்கள். அக்கீலாவின் உம்மா நப்லா மாமி மூன்று முறை வந்துவிட்டார். கோப்பி ஊற்றுவேன், ஊர்க் கதை நடக்கும். என் உம்மா மௌத்தான பிறகு இந்த வீட்டில் மனிதக் குரல் கேட்பது அப்போது மட்டும்தான். இரவில் துணைக்குப் படுக்க வருகிற கமறியா ராத்தாவைக் கணக்கில் எடுக்க வேண்டாம், தலையணையில் தலை பட்டதும் குறட்டை.

இந்த வருஷம் வந்துவிடுவேன் என்ற சொல் மாறாதே? ஆண் பக்க வீடியோ வேலை எல்லாம் புத்தளத்துக் கடைகளுக்குப் போகிறது. முன்பு நீங்கள் ஆண் பக்கம், நான் பெண் பக்கம் என்று இரண்டு மேசை போட்டு இருந்தோம். உங்கள் மேசையில் இப்போது வெங்காயம் காய்கிறது.

துஆவோடு,
ஸும்ரா


தோஹா
2025 பெப்ரவரி 6

ஸும்ராவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். அர்கம் எழுதுகிறேன்.

நான் சுகம். மாசிச் சம்பல் வந்த அன்றே அறையில் உள்ளவர்கள் போத்தலைக் கழுவி வைத்துவிட்டார்கள். முதுகு வலி போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். உங்கள் கண்ணைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், தேய்க்காதீர்கள்.

நல்ல விஷயம் ஒன்று. எங்கள் எடிட்டிங் அறைக்குப் போன வருஷக் கடைசியில் புது கிராபிக்ஸ் கார்ட் வந்தது. பிள்ளைகள் கேம் விளையாடுகிற சாதி இல்லை, நம் போன்ற தொழிலுக்கென்றே செய்தது. பழைய கார்ட் ஒரு பெரிய வீடியோவைத் துண்டு துண்டாக விழுங்கும், நடுவில் விக்கும். இதன் மெமரி பெரிது, முழுவதையும் ஒரே வாயில் வைத்துக்கொள்ளும். ஏஐ வேலைக்கென்று அதற்குள் தனிப் பகுதியே இருக்கிறது. மண்டபத்து இரைச்சலிலிருந்து மணப்பெண்ணின் குரலை மட்டும் பிரித்துத் தரும். மங்கலான படத்தைத் துலக்கும். ஒரு முகத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லிவிட்டால், முழு வீடியோவிலும் அந்த முகம் எங்கெங்கே என்று எடுத்து வைக்கும். மங்க வை என்றால் வைத்தும் விடும்.

இன்டர்நெட்டில் எங்கேயும் ஏற்றத் தேவையில்லை, எல்லாம் மேசைக்குக் கீழேயே நடக்கும். அதனால்தான் முதலில் உங்களை நினைத்தேன். பெண் பக்க வீடியோ வீட்டு வாசலைத் தாண்டாது.

எனக்கும் ஒன்று கிடைத்தது. என்னோடு வேலை செய்கிற ஜெயந்தன், நம் பக்கத்து ஊர்த் தலவிலக்காரன், லீவில் வருகிறான். கைப்பையில் வைத்துக் கொண்டு வந்து தருவான். வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் அறை இப்போது நல்ல அமைதி. முன்பு காதில் பஞ்சு வைக்காத குறை. கொஞ்சப் பேர் வேறு மாடிக்குப் போய்விட்டார்கள், கதிரைகள் சும்மா கிடக்கின்றன.

வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மாதுளைக்குச் சாம்பல் போடுங்கள்.

உங்கள்
அர்கம்


கற்பிட்டி
2025 மார்ச் 9

மச்சானுக்கு, நோன்பு திறந்த வாயோடு ஸும்ராவின் ஸலாம்.

நோன்பு உங்களை வாட்டுகிறதா? எனக்குக் கண் தண்ணீர் நின்றுவிட்டது. காரணம் நீங்கள்தான்.

ஜெயந்தன் வந்தார். கமறியா ராத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியை வாங்கினேன். கைக்குழந்தையைத் தருவதுபோலத் தந்தார். அவருக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "எங்கட மச்சான் எப்படி இருக்கார் தம்பி?" என்று கேட்டேன். "நல்லா இருக்கார் அக்கா" என்றார். கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். "மெலிஞ்சிட்டாரா?" என்று கேட்டேன். "நான் வாறேன் அக்கா, வீட்டில டயனா பாத்துக்கொண்டு இருப்பா" என்று எழும்பிவிட்டார். தேத்தண்ணி பாதி அப்படியே இருந்தது.

கார்ட் நம் மெஷினுக்குள் போகவில்லை! அவ்வளவு நீளம். புத்தளத்திலிருந்து ரிப்பேர்காரர் வந்து, "இந்தப் பவர் சப்ளை இதுக்குக் காணாது மிஸ், எரிஞ்சிடும்" என்று பயம் காட்டினார். பவர் சப்ளையையும் வெளிப்பெட்டியையும் மாற்றினோம். கூடவே ஒரு யூபிஎஸ்ஸும் வைத்தேன். போன மாதம் கரண்ட் நிலையத்துக்குள் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அன்றைக்கு அக்கீலாவின் வீடியோ பாதியில் போனது. இனி நான் எந்தக் குரங்கையும் நம்பத் தயாரில்லை.

பிறகு ஒருத்தியின் முகத்தைக் காட்டினேன். பெயர் கேட்டது, எழுதினேன். மற்றவர்களையும் அப்படியே கொடுத்துவிட்டு லுஹர் தொழப் போனேன். தொழுதுவிட்டு வந்தால் எல்லாம் முடிந்து கிடக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே சஹன் தட்டைச் சுற்றிக் குனிந்து சாப்பிடுகிறார்களே, அந்த இடத்தைப் பார்த்தேன். அரை முகம் தெரிகிற இடத்தையும் விடவில்லை. ரெண்டர் போட்டேன். கதிரையை விட்டு எழும்ப முதல் அதுவும் முடிந்தது.

வாய்விட்டுச் சிரித்தேன் மச்சான், தனியாக, பைத்தியம் மாதிரி. பிறகு உங்களுக்குக் காட்டுவதற்காகத் திரும்பினேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

உங்கள் கம்பெனி உங்களைத் தங்கமாக வைத்திருக்கிறது போல. இப்படி ஒரு சாமானைத் தூக்கிக் கொடுக்கிறதே! உங்கள் முதலாளிக்காக நோன்போடு துஆ கேட்டேன்.

முதுகு வலி எப்படிப் போனது என்று எழுதவில்லையே. என்ன மருந்து?

உங்கள் வரவைத் தேடும்
ஸும்ரா


தோஹா
2025 ஏப்ரல் 13

ஸும்ராவுக்கு, பெருநாள் கழிந்த ஸலாம்.

சுகம், சுகமறிய ஆவல். பெருநாளுக்கு வர இயலாமல் போனது. கோபமாக இருப்பீர்கள், இருங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

கார்ட் பற்றிச் சொல்ல மறந்தது ஒன்று. நம் ஊர் உப்புக் காற்று அதற்கு ஆகாது. அந்த அறை யன்னலை மூடியே வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை மெஷினை நிறுத்திவிட்டுத் தூசியை மெல்லிய தூரிகையால் எடுங்கள். துணி வேண்டாம். மின்விசிறிகள் சத்தம் போட்டால் உடனே எழுதுங்கள்.

முதுகுக்கு மருந்து ஒன்றும் எடுக்கவில்லை. கொஞ்சம் வெளியே நடமாடுகிறேன், அவ்வளவுதான். கைதான் கறுத்துவிட்டது.

முதலாளிக்கு துஆ கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கேட்டது கேட்டதாகவே இருக்கட்டும்.

அர்கம்


கற்பிட்டி
2025 மே 18

மச்சானுக்கு, மூடிய யன்னலுக்குள்ளிருந்து ஸும்ராவின் ஸலாம்.

உடம்பு சுகம். மனம் சுகமா என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், இல்லை.

பெருநாளைக்குப் பிறகு கலியாணம் கலியாணமாக வந்து விழுகிறது. வண்ணாத்திவில்லிலிருந்தும் வருகிறார்கள். முன்பு நாட்கணக்கில் இழுத்த வேலையை இப்போது காலையில் வாங்கிப் பின்னேரம் அஸருக்குக் கொடுக்கிறேன். ஊரெல்லாம் என் பெயர்தான். அதனால் என்ன? காத்திருக்க யாரும் வருவதில்லை. போன கிழமை நப்லா மாமி மச்சாள் வீட்டுக் கலியாண வீடியோவை வாங்க வந்தார். இருந்து கதைக்கலாம் என்று வட்டிலப்பமும் கொண்டு வந்திருந்தார். "என்ன மகள், முடிஞ்சா? அல்லாஹ்! நான் இருக்க எண்டெல்லோ வந்த" என்று நின்றார். இருங்கள் மாமி என்று கதிரையை இழுத்தேன். வேலை முடிந்த வீட்டில் எதற்கு இருப்பது என்று அவருக்கே கூச்சமாகிவிட்டது. வட்டிலப்பத்தை என் கையில் தந்துவிட்டு வாசலோடு போனார். நான் தனியாக அதைச் சாப்பிட்டேன். இனிப்பு கூடிவிட்டது.

நீங்கள் அனுப்பிய சாமானைக் குறை சொல்லவில்லை. அது சொன்ன வேலையைச் செய்கிறது. மிச்சமாகிற பகலை என்ன செய்வது என்றுதான் அதற்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் கை சும்மா இருக்க மாட்டாமல், நம் நிக்காஹ் படத்தில் உங்கள் முகத்தைக் காட்டினேன். பெயர் கேட்ட இடத்தில் 'மச்சான்' என்று எழுதினேன். நீங்கள் போக முதல் நாம் சேர்ந்து எடுத்த எல்லா வீடியோவிலும் தேடச் சொன்னேன். ஆயிரம் இடம் வரும் என்று ஆசை. வந்தது கொஞ்சம்தான். நீங்கள்தான் எப்போதும் கமெராவுக்குப் பின்னால் நின்றீர்களே. ஒன்றில் யாருக்கோ மாலை எடுத்துக் கொடுக்கிறீர்கள். ஒன்றில் ஒயர் தடுக்கி விழப் பார்க்கிறீர்கள். நம் கலியாணத்தில் தாலி கட்டப் பெண் பக்கம் வந்தீர்களே, அதிலும் இருக்கிறீர்கள். என் முகத்தைப் பார்க்காமல், லைட் சரியாக விழுகிறதா என்று மேலே பார்க்கிறீர்கள்! எடிட்டரைக் கட்டினால் இதுதான்.

அந்த இடத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கமறியா ராத்தா வந்து, "என்ன புள்ள, கண் திரும்பவும் தண்ணி ஊத்துது?" என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்காவது வாருங்கள். எனக்குத் தனிமையாக இருக்கிறது. இதை எப்படி அழகாக எழுதுவது என்று தெரியாததால் அப்படியே எழுதிவிட்டேன்.

உங்கள் ஸும்ரா


தோஹா
2025 ஜூன் 22

ஸும்ராவுக்கு, பாவி ஒருவனின் ஸலாம்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்கு நான் லைட்டைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

இங்கே வெயில் நெருப்பாகக் கொட்டுகிறது. எழுத்தில் மை பரவியிருந்தால் வியர்வை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் வேலை கூடிவிட்டது, லீவு கேட்க இயலாத நேரம். கொஞ்சம் பொறுங்கள்.

கண்ணைத் தேய்க்காதீர்கள்.

அர்கம்


கற்பிட்டி
2025 ஜூலை 27

மச்சானுக்கு ஸலாம். சுகம் கேட்கவில்லை. கேட்டாலும் நீங்கள் சொல்லப்போவதில்லை.

நானும் ஒரு எடிட்டர்தான் என்பதை மறந்துவிட்டீர்கள். எவ்வளவு வடிவாக ஒட்டினாலும், வெட்டின இடம் என் கண்ணுக்குத் தப்பாது. ஸ்டூடியோ ஏஸிக் குளிருக்கு ஜம்பர் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன் என்று போன வருஷம் எழுதினீர்கள். இப்போது கடிதத்தில் வியர்வை. நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிறவருக்கு முதுகு வலி இல்லை, கை கறுத்துப் போயிருக்கிறது. நடுவில் எந்தக் காட்சியை வெட்டினீர்கள்?

ஜெயந்தன் லீவு முடிந்தும் திரும்பவில்லை. தலவிலத் தேவாலயப் பெருநாளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு த்ரீவீல் ஓட்டுகிறார். என்னைக் கண்டால் ஹோர்ன் அடித்துவிட்டு வேகம் எடுக்கிறார். அவரிடம் நான் என்ன கடனா கேட்டேன்?

கமறியா ராத்தா சும்மா இருக்க மாட்டார். "ரெண்டு பெருநாளைக்கும் ஆம்பிளை வரல்ல எண்டா கொஞ்சம் யோசிக்கோணும் புள்ள" என்கிறார். வாயை மூடச் சொன்னேன். ஆனால் யோசித்தேன். அங்கே வேறு ஒருத்தி இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். நான் செத்துவிட மாட்டேன். தெரியாமல் காத்திருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

கச்சான் காற்று யன்னலைப் போட்டு அடிக்கிறது. நீங்கள் சொன்னபடி மூடித்தான் வைத்திருக்கிறேன். கார்ட் பத்திரம். எனக்குத்தான் காற்று இல்லை.

ஸும்ரா


தோஹா
2025 ஆகஸ்ட் 10

ஸும்ராவுக்கு ஸலாம்.

வேறு ஒருத்தியும் இல்லை. அல்லாஹ் மீது சத்தியம். இனி அப்படி நினைக்காதீர்கள், எழுதாதீர்கள்.

நான் சுகம். வேலை சுகம். இதைக் கொண்டு வருகிறவர் வாசலில் நிற்கிறார், அவசரம். மற்றதெல்லாம் பிறகு.

அர்கம்


கற்பிட்டி
2025 செப்டெம்பர் 14

என் மச்சானுக்கு, உங்கள் ஸும்ராவின் ஸலாம்.

இதை இருந்து வாசியுங்கள். நின்று வாசிக்க வேண்டாம்.

ஜெயந்தனின் மனைவி டயனா, தேவாலயத்தில் மகள் புதுநன்மை வாங்கிய வீடியோவைக் கொண்டு வந்தார். அவர்களுக்குப் பெண் பக்கம் ஆண் பக்கம் கிடையாது, எல்லாம் ஒரே மண்டபம். ஆனாலும், "நீங்கதான் டக்கெண்டு முடிச்சுத் தருவீங்களாம் அக்கா" என்று என்னிடம் வந்தார். தகப்பன் வெளிநாட்டில் இருந்த காலத்தைத் தொடக்கத்தில் காட்ட வேண்டுமாம். அதற்காக ஜெயந்தன் அங்கே போனில் எடுத்த துண்டுகளையும் தந்தார். கோயில் மண்டபத்தில் திரை கட்டிப் போடப் போகிறார்களாம். கற்பிட்டியில் பாதிப் பேர் பார்ப்பார்கள்.

நான் ஒன்றும் தேடச் சொல்லவில்லை. மெஷின் தன் பழக்கத்துக்கு எல்லா முகங்களையும் பிரித்து வைத்தது. பாதர், பிள்ளைகள், டயனா, யாருக்கும் பெயர் இல்லை. ஒரே ஒரு முகத்துக்குப் பெயர் இருந்தது. 'மச்சான்.' ஒரு இடம்.

ஒரு தேத்தண்ணிக் கடை. ஜெயந்தன் செல்பி எடுக்கிறார், அவரோடு நாலைந்து பேர் முன்னால் இருந்து சிரிக்கிறார்கள். பின்னால் ரோட்டோரக் கட்டின் மேல் நீங்கள். சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிறவர்கள் போடுகிற ஜக்கெட், மடியில் ஹெல்மெட், தலையில் தொப்பி, கையில் பாதி கடித்த பாண். மெலிந்துதான் போயிருக்கிறீர்கள். போன் உங்கள் பக்கம் திரும்புகிறது. தொப்பியை முகத்துக்கு இழுக்கிறீர்கள். அதற்கு முதல் ஒரு கணம் நேரே பார்க்கிறீர்கள்.

மறுநாள் டயனாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றும் தெரியாது என்றார், பிறகு அழுதார். "சொல்லக்கூடாதெண்டு அர்கம் அண்ணன் இவரிட்ட சத்தியம் வாங்கினவர் அக்கா. இவங்க ரெண்டு பேரையும் ஒரே நாளிலதான் வேலையால நிப்பாட்டினவங்க. அந்தக் கார்ட் வந்த பிறகு ஒரு அறை ஆக்களிட வேலைய மிஞ்சின ரெண்டு பேர் செய்யிறாங்களாம்." நிறுத்தும்போது கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு நீங்கள் இதை வாங்கி அனுப்பினீர்கள் என்பதையும் சொன்னார்.

அந்த முதலாளிக்கா நான் நோன்போடு துஆ கேட்டேன்? எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா, மெஷினைத் தூக்கிக் கடலில் போடுகிற கோபம். பிறகு அதன் முன்னாலேயே இருந்து அழுதேன். உங்கள் உழைப்பெல்லாம் ஒரு பெட்டிக்குள் வந்து என் மேசைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அதை ஊருக்கெல்லாம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்னைப் போடாதீங்க" என்று கேட்கிற பெண்களை நான் மங்க வைப்பேன். நீங்கள் வாயால் கேட்கவில்லை. தொப்பியை இழுத்த விதத்தில் கேட்டீர்கள். உங்கள் முகத்தை மங்க வைத்துவிட்டேன் மச்சான். மண்டபத்தில் யாரும் உங்களைக் காணப் போவதில்லை. நான் மட்டும்தான் கண்டேன்.

கண் மூடித் திறக்க முதல் அது முடிந்துவிட்டது. அவ்வளவு வேகம் வேண்டியிருக்கவில்லை. நம் கிழட்டு மெஷின் என்றால் பிரேம் பிரேமாக, ஒரு பகல் முழுக்க உங்கள் முகத்தோடு இருந்திருப்பேன்.

வாருங்கள். வெறுங்கையோடு வாருங்கள். கட்டார் சாக்லேட்டெல்லாம் புத்தளத்திலும் விற்கிறது, பெட்டி நிறைய நானே வாங்கி வைக்கிறேன், ஊர் வாயை அதால் அடைப்போம். உங்கள் மேசையிலிருந்து வெங்காயத்தை எடுத்துவிட்டேன். பெண் பக்கம் எல்லாம் முடிந்து கிடக்கிறது. ஆண் பக்கம் வெட்டத்தான் ஆளில்லை.

ஸும்ரா


தோஹா
2025 ஒக்டோபர் 5

ஸும்ராவுக்கு, மறைக்க இனி ஒன்றும் இல்லாத அர்கமின் ஸலாம்.

இருந்துதான் வாசித்தேன். ரோட்டோரக் கட்டின் மேல், அதே இடத்தில்.

எடிட்டர் என்று போனவன் சாப்பாட்டுப் பார்சல் தூக்குகிறேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இன்றைக்கு எழுதலாம் என்று ஒவ்வொரு முறையும் பேனையை எடுப்பேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் சிரித்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வராது, சுகம் என்று எழுதி முடித்துவிடுவேன்.

கார்டின் மேல் கோபப்படாதீர்கள். முதல் நாள் அது ஓடியதைப் பார்த்து அறையில் எல்லோரும் கை தட்டினோம், நான்தான் உரக்கத் தட்டினேன். கடைசி நாள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பும்போது ஒன்று நினைத்தேன். என்னை வெளியே அனுப்பியது எதுவோ, அது உங்கள் பக்கத்தில் நிற்கட்டும். நான் நிற்க இயலாத இடத்தில் அதாவது நிற்கட்டும். அது மட்டும் நினைத்தபடி நடந்தது.

இந்த மாதக் கடைசிக்குள் வருகிறேன், இன்ஷா அல்லாஹ். திகதி சொல்ல மாட்டேன். சொன்னால் ஏர்போட்டுக்கு வருவீர்கள். அங்கே ஆட்களுக்கு முன்னால் எனக்கு அழுகை வந்துவிடும்.

தொழில்காரனாக ஒன்று கேட்கிறேன், சிரிக்காதீர்கள். அந்தக் கடைக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. நான் இருந்த இடத்துக்கு என் உருவம் அதில் விழும். மெஷின் அதை எடுத்திருக்காது. நீங்கள் பார்த்தீர்களா?

அர்கம்


கற்பிட்டி
2025 ஒக்டோபர் 19

மச்சானுக்கு, வழி பார்த்திருக்கும் ஸும்ராவின் ஸலாம்.

கண்ணாடியைக் கண்டேன். மெஷின் காணவில்லை, நான் கண்டேன். அதை மங்க வைக்கவில்லை. முகம் தெரியாது, தொப்பியும் தோளும் குனிந்த முதுகும்தான். மண்டபத்தில் திரை கட்டிப் போட்டார்கள். நானும் டயனாவோடு போய்ப் பின்வரிசையில் இருந்தேன். ஊருக்கு அது யாரோ ஒரு ஆள். நான் மட்டும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று அந்த ஒரு இடம் வேண்டும் என்றுதான் விட்டு வைத்தேன்.

கச்சான் காற்று நின்றுவிட்டது. யன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். கார்டில் தூசி படிந்தால் படியட்டும், வந்து நீங்களே எடுங்கள். உங்கள் மேசையைத் துடைத்து, கதிரையில் தலையணை வைத்திருக்கிறேன். இனி முதுகு வலி வரும், பரவாயில்லை.

லீவில் வந்திருக்கிற சாஹுல் ஹமீது நானா நேற்று வந்து, நாளைக்குக் கட்டாருக்குப் போகிறேன், கடிதம் இருந்தால் தா மகள் என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். இதை மேசையில் வைக்கிறேன். நீங்களே வந்து எடுத்து வாசியுங்கள்.

ஸும்ரா